கட்டிலுக்கடியில் இருவர்

எங்கள் நாய்க்குப் பீரங்கி என்று பேர் வைத்தவர் என் வீட்டுக்காரர். பேரைக் கேட்டாலே அடுத்த தெரு நடுங்க வேண்டுமாம். ஆனால் ஒரு பொடிசு வாசலில் வந்து நின்றால் போதும், பீரங்கி கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

என் தங்கைக்கு வெளியூருக்கு வேலை மாற்றல். ஒரு வருஷம் அவள் மகள் எங்களோடு இருக்கப்போகிறாள். பயந்த நாய் கடிக்கும், பத்து நாளில் பயம் தெளியாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஐந்து வருஷமாக என் காலடியிலேயே கிடக்கும் ஜீவன் அது.

நாய் பழக்குகிறவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தைகளைத் தூரமாக உட்கார வையுங்கள், நாயை உற்றுப் பார்க்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, பிஸ்கட்டைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், அதுவாக வரும் என்றார். இவ்வளவுதானா என்று இவருக்கு ஏமாற்றம். தலைமையாசிரியர் அல்லவா? கிட்டே வந்தால் பத்து மதிப்பெண், வாலாட்டினால் கூடுதலாக ஐந்து என்று ஓர் அட்டவணை போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து பிள்ளைகளை வரவழைத்தார். ஐந்தும் நல்லொழுக்கப் பரிசு வாங்கியவை. கைகட்டி, வாய்பொத்தி உட்கார்ந்திருந்தன. மூச்சு விடக்கூட அனுமதி கேட்கும் போலிருந்தது. அதட்ட வேலையே இல்லாததால் இவரும் வாயைத் திறக்கவில்லை. பீரங்கி நாலாம் நாளே பிஸ்கட்டை எடுத்தது, ஒன்பதாம் நாள் ஒரு பையன் மடியில் தூங்கியது. முதல் வகுப்பில் தேர்ச்சி என்று அறிவித்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் தங்கை மகள் வந்தாள். வந்த வேகத்தில் சோபாவில் ஏறிக் குதித்தாள். பீரங்கி வாலை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கிப் போனதை நான் கண்ணாரப் பார்த்தேன்.

ஏய், இறங்கு கீழே என்று இவர் ஓர் அதட்டல் போட்டார். கூடமே அதிர்ந்தது. பீரங்கி கட்டிலுக்கடியில் ஓடியது. அதன் பின்னாலேயே குழந்தையும்.

"பாத்தியா, ஃபெயில். நாளைக்கே குடுத்துடணும்" என்றார்.

குனிந்து பார்த்தேன். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. நாலு கண்ணும் இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்து வருஷமாக எந்தக் குழந்தை வந்தாலும் இவர் கத்துவார், நாய் ஒளியும். இது எனக்கு உறைக்கவே இல்லையே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அதுக்குக் குழந்தைங்கன்னா பயமே இல்லீங்க. குழந்தைங்க வந்தா நீங்க சத்தம் போடுவீங்களே, அதுக்குத்தான் பயம்."

இவரும் குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தார். நாயைக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

அட்டவணையில் பீரங்கியின் பேரை அடித்துவிட்டு இவர் பேரை எழுதினேன். பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, தூரமாக உட்காருங்கள், உற்றுப் பார்க்காதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள் என்றேன். ஒரு மணி நேரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். போட்ட பிஸ்கட் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

முதல் நாள் மதிப்பெண் முட்டை. போட்டது நான்தான்.