ஐந்தாவது கேசட்

ஜெய்னப் வாசித்துப் பதிவு செய்யும் கேசட்டுகளை முதலில் கேட்பவர் ராமசுப்புதான்.

ஜெய்னப் சங்கரன்கோவில் கிளை நூலகத்தில் வேலை பார்த்தாள். பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்காக மதுரையில் ஒரு சங்கம் இருந்தது. அதற்கு மாதம் ஒரு புத்தகத்தை வாசித்து டேப்பில் பதிந்து அனுப்புவாள். அவள் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடியது. கரண்ட் போனால்தான் தறிகள் நிற்கும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து, பேட்டரி போட்ட டேப்ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பாள். புத்தகம் முடிந்ததும் கேசட்டுகளை எதிர்வீட்டு ராமசுப்புவிடம் கொடுப்பாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "தாயி, மூணாவது கேசட்ல நாய் கொலைக்குது. ஆறாவதுல ஒரு வரிய ரெண்டு வாட்டி வாசிச்சிருக்க" என்பார். அதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் பார்சல் மதுரைக்குப் போகும்.

ராமசுப்புவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர், அதில் பாதி வடக்கே. 1986 தை மாதம், பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்தார். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயின. அதன் பிறகு மனைவி கோமதித்தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்தினாள். பிள்ளைகள் இல்லை.

1987 ஆவணியில் ஜெய்னப் கொடுத்தது இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு நாவல். எட்டு கேசட்.

"டெல்லிக் கலவரத்துக்குப் பொறவு நடக்கிற கதை, அண்ணாச்சி. பிரதமரச் சுட்டதுக்கு அப்புறம் சீக்கியங்கள வீடு வீடாப் போய்க் கொன்னாங்கள்லா, அதுதான். கேக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

ராமசுப்பு வாங்கி வைத்தார். வழக்கமாக அன்றைக்கே ஆரம்பித்துவிடுவார். இந்த முறை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கேட்க உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

கதை ஒரு சீக்கியப் பெண்ணைப் பற்றியது. நிவாரண முகாமில் இருக்கிறாள். கணவனின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்குகிறாள். ஐந்தாவது கேசட்டில் ஒரு குமாஸ்தா அவளிடம் சொல்கிறார்: "அவர் செத்ததைப் பார்த்த ஆள் ஒருத்தரையாவது கூட்டிக்கொண்டு வா. அதுவரை அவர் காணாமல் போனவர்தான்." அவள் டீக்கடைக்காரர்களிடம் கேட்கிறாள், ரிக்‌ஷாக்காரர்களிடம் கேட்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

ராமசுப்பு டேப்பை நிறுத்தினார்.

எதிரே சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த கோமதித்தாய் நிமிர்ந்தாள். "ஏன் நிப்பாட்டுதிய? போடுங்க. அந்தப் புள்ள என்ன செய்யுதான்னு பாப்போம்."

"பாத்தவன் ஒருத்தன் இருக்கான்."

"கதையிலயா?"

"கதையில இல்ல. இங்கன."

அன்றைக்குத்தான் அவர் மனைவியிடம் முதல்முறையாகச் சொன்னார்.

டெல்லி லாரி டிரைவர் கர்னைல் சிங்கும் அவரும் ஆறு வருஷப் பழக்கம். நாக்பூரில் ராமசுப்புவின் லாரி பழுதாகி நின்றபோது, இரண்டு நாள் கூடவே இருந்து சரிபண்ணிக் கொடுத்தவர் சிங். அதற்குப் பிறகு சாலையில் எங்கே பார்த்தாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். டெல்லியில் சிங்கின் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். சிங்கின் மனைவி கையால் ரொட்டி சாப்பிட்டிருக்கிறார்.

1984 நவம்பர் முதல் தேதி காலை, இரண்டு பேருடைய லாரிகளும் டெல்லிக்குத் தெற்கே ஒரு மைதானத்தில் நின்றன. ராமசுப்பு மிளகாய் வத்தல் லோடை இறக்கிவிட்டுத் திரும்பும் லோடுக்காகக் காத்திருந்தார். கிளீனர் காய்ச்சலென்று ஆக்ராவிலேயே இறங்கிவிட்டான். நகரத்துக்குள் போகாதே என்று வழியில் யாரோ சொன்னதால் சிங் அங்கேயே நின்றுவிட்டார். தூரத்தில் புகை தெரிந்தது. சிங் வந்து, "என்னை உன் லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டு மதுரா வரை கொண்டுபோய் விட்டுவிடு" என்று கேட்டார். "டீக்கடைக்குப் பின்னால் நில்லு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறேன்" என்றார் ராமசுப்பு.

வண்டியைத் திருப்பும்போதுதான் கூட்டம் வந்தது. கையில் கம்பியும் மண்ணெண்ணெய் டின்னும். டீக்கடைக்கு நேரே வந்தபோது பிரேக்கில் கால் வைக்க வேண்டும். அவர் வைக்கவில்லை. வண்டி நிற்குமென்று நம்பி, சிங் கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார். கூட்டம் அவரைப் பார்த்தது அப்போதுதான். மீதியை ராமசுப்பு பக்கக் கண்ணாடியில் பார்த்தார்.

"நான் நிக்கச் சொல்லலன்னா அவரு பாட்டுக்கு எங்கயாவது ஓடியிருப்பாரு," என்றார். "வெளிய வந்ததே என் வண்டியப் பாத்துத்தான்."

கோமதித்தாய் சுளகை இறக்கிக் கீழே வைத்தாள். அந்த வருஷம் ஊருக்கு வந்ததிலிருந்து அவர் வடக்கே லோடு பிடிக்காததற்குக் காரணம் முதுகுவலி என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"அப்ப கதையில மாதிரி தேடிட்டுத்தான் இருப்பாவளோ?"

சாயங்காலம் ஜெய்னப்பைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார்கள். ஜெய்னப்பின் அண்ணன் அப்துல் மஜீது நாக்பூரில் இருபது வருஷம் கோரைப்பாய்க் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர். இந்தி எழுதத் தெரியும். டிரங்குப்பெட்டியில் கிடந்த ராமசுப்புவின் பழைய டைரியில் சிங் தன் கையாலேயே விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தார். மஜீது அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "யமுனைக்கு அந்தப் பக்கம்லா. அங்கதான் ரொம்ப மோசமா நடந்துச்சுன்னு சொன்னாங்க. ஆளுங்க அங்கயே இருப்பாங்கன்னு சொல்ல முடியாது வே. எழுதிப் பாப்போம்" என்றார்.

ராமசுப்பு சொல்லச் சொல்ல மஜீது எழுதினார். தேதி, இடம், கூட்டம், கம்பி, தீ. எல்லாம் எழுதியாயிற்று. மஜீது திரும்ப வாசித்து அர்த்தம் சொன்னார்.

"முக்கியமானத விட்டுட்டேன்," என்றார் ராமசுப்பு. "நிறுத்துதேன்னு சொல்லிட்டு நிறுத்தாமப் போனது."

கோமதித்தாய் குறுக்கிட்டாள். "அது எதுக்கு? பாத்தேன்னு எழுதினாப் போதாதா? அவங்களுக்கு வேண்டியது சாட்சிதான. இத எழுதி அந்தம்மாவ இன்னும் நோகடிக்கவா? நாளைக்குப் போலீசு கேசுன்னு வந்தா கண்ணில்லாத ஆள வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?"

"ரோட்டுக்கு அவரு ஏன் வந்தாருன்னு அவுக கேப்பாவல்லா. நான் என்ன சொல்ல?"

மஜீது பேனாவைத் திறந்தபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெய்னப்தான் தன் அண்ணனிடம், "அண்ணாச்சி சொல்லுதத எழுதுங்க காக்கா" என்றாள். கோமதித்தாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் போடப் போனவளும் அவள்தான்.

பதில் வர ஐம்பது நாள் ஆயிற்று. அந்தக் குடும்பம் மேற்கு டெல்லியில் அரசாங்கம் கொடுத்த வீட்டுக்கு மாறிப் போயிருந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். சிங்கின் மனைவி சுரீந்தர் கௌர் சொல்ல, மகன் குல்தீப் எழுதியிருந்தான். மஜீது தமிழில் சொன்னார்:

"என் கணவர் பெயர் இன்னும் காணாமல் போனவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்ததை முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். நீங்கள் எழுதிய மற்ற விஷயத்தையும் என் மகன் படித்துக் காட்டினான்."

"அவ்வளவுதானா?" என்றார் ராமசுப்பு.

"அவ்வளவுதான்."

கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் முதலில் தயங்கினார். "கண் தெரியாதவர் நேரில் பார்த்ததாகச் சாட்சி சொன்னால் யாராவது கேள்வி கேட்பாங்களே."

"கண்ணு போனது எம்பத்தாறுல சார். பாத்தது எம்பத்துநாலுல."

அதையும் சேர்த்தே வக்கீல் டைப் அடிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலும், லாரி முதலாளியிடமிருந்து அந்தப் பயணத்துக்கான சீட்டும் கேட்டார். கோமதித்தாய் இரண்டு தடவை விருதுநகருக்குப் பஸ் ஏறி அந்தச் சீட்டை வாங்கி வந்தாள். ராமசுப்பு கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார். வக்கீல் அவர் விரலைப் பிடித்துத் தாளில் சரியான இடத்தில் வைத்துக் காட்ட, கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் குல்தீப்பே வந்து நின்றான். இருபத்திரண்டு வயது. அவனும் லாரிக்குத்தான் போகிறான். மதுரையில் லோடு இறங்க ஒரு நாள் ஆகும் என்பதால் பஸ் பிடித்து வந்திருந்தான். மஜீதைக் கூட்டி வந்தார்கள். மரணச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று சொன்னான். பிறகு, எல்லாவற்றையும் உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றான்.

ராமசுப்பு முதலிலிருந்து சொன்னார். தனக்குத் தெரிந்த இந்தியில் ஆரம்பித்து, முடியாத இடத்தில் தமிழில் சொன்னார், மஜீது மொழிபெயர்த்தார். முடிந்ததும் குல்தீப் மஜீதிடம் ஏதோ கேட்டான்.

"கண்ணாடியில எத்தன தடவ பாத்தீங்கன்னு கேக்கான்," என்றார் மஜீது.

"மூணு தடவ."

"மூணாவது தடவ என்ன தெரிஞ்சுதுன்னு கேக்கான்."

"ஆளு கீழ கிடந்தாரு. அசையல. அதுக்கப்புறந்தான் தீ வச்சாங்க. உசுரோட வைக்கல. அத நான் நல்லாப் பாத்தேன். அவுக அம்மாட்டச் சொல்லச் சொல்லுங்க."

மஜீது அதைச் சொன்னதும் குல்தீப் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றான். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "வீட்டுப் பக்கம் லாரி வந்து நின்றால் அம்மா எழுந்து போய்ப் பார்ப்பாள். மூன்று வருஷமாக அப்படித்தான். இப்போது போவதில்லை" என்றான்.

இலை போட்டுவிட்டதாகக் கோமதித்தாய் சொன்னாள். அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். நேரம் இருந்தது, அவளுக்கும் தெரியும். வற்புறுத்தாமல் புளிச்சோற்றையும் துவையலையும் வாழையிலையில் கட்டி நீட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டான். ராமசுப்பு கைகூப்பினார். அவன் பதிலுக்குக் கும்பிட்டானா என்பது அவருக்குத் தெரியாது. மஜீதிடமும் அவர் கேட்கவில்லை.

கோமதித்தாய் பஸ் ஸ்டாண்டு வரை அவனோடு போனாள். அவள் வரும்வரை ராமசுப்பு இருந்த இடத்திலேயே இருந்தார்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான். ஜன்னலோரம் சீட்டு கெடச்சுது," என்றாள் அவள், செருப்பைக் கழற்றியபடி. "பஸ்ஸு எடுக்கதுக்கு முன்னாலயே பொட்டலத்தப் பிரிச்சுட்டான். பசி போல."