இன்வர்ஸ்னெய்டில் படகு ஏறியவள்

1

இந்தக் கதை ஒரு பொறாமையில் தொடங்கியது. 'என்னுடைய பொறாமை அல்ல' என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். என்னுடையதுதான்.

கட்ரீனா என் முன்னாள் கணவன் ஸ்ட்ரூவனின் இரண்டாம் மனைவி. வசந்தத்தில் அவளையும் விட்டுப் போனான். கிளாஸ்கோ விளிம்பிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை அவனும் அவளும் பல நாள் நடப்பதாக இருந்தது. வழியெல்லாம் அறைகள் பதிவாகியிருந்தன. அவள் என்னை அழைத்தாள்.

"அவன் இடம் காலியா இருக்கு. நீங்க வர்றீங்களா?"

அந்தத் துணிச்சலுக்காகவே போனேன்.

2

'லோமண்ட் ஏரியின் மேல் காலைப் பனி' என்று ஒரு தொடக்கம். வேண்டாம்.

'அவள் என்னைவிட இளையவள், வேகமாக' என்று இன்னொன்று. அதுவும் பாதியில் நிற்கிறது, நிற்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் ரோவர்டெனனிலிருந்து ஏரிக்கரையோடு வடக்கே கிளம்பினோம். மழை. பாதை முழுக்க வேர்களும் பாறைகளும். ஓர் ஓடையில் என் இடது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"கேக்காதீங்க, இஷ்பெல்."

"அப்ப அவன்தான்."

"மத்தியானம் இன்வர்ஸ்னெய்டுக்குப் படகுல வர்றானாம். பேசணுமாம்."

"பேசுவான், பேசுவான். வலிக்கப்போற காதுதான் உன்னோடது."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"இல்லடி. கால் ஈரமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

(ஈரம் உண்மை. மற்றது பொய். பிரிந்து எட்டு வருஷமாகியும் அவன் செய்தி எனக்கு வரவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.)

அதன்பின் அவள் நடக்கவில்லை, ஓடினாள். கடைசியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டியும் ஓட்ஸ் பிஸ்கட்டும் பிரித்தோம்.

"உங்ககிட்டயும் இப்படித் திரும்பி வந்தானா?"

"ரெண்டு தடவை."

"சேத்துக்கிட்டீங்களா?"

"ரெண்டு தடவையும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வந்துட்ட."

அவளுக்குச் சிரித்துப் புரையேறியது. முதுகில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

3

இங்கே கட்ரீனா என்னிடம் சிக்க மறுக்கிறாள். முந்தைய பிரதிகளில் அவளை முட்டாளாக எழுதியிருந்தேன். அப்படி எழுதுவது எனக்கு வசதி. ஆனால் சக்களத்தியை அழைத்துக்கொண்டு மலையேறக் கிளம்புகிறவள் முட்டாளா?

4

இன்வர்ஸ்னெய்டு துறைக்குப் படகு வந்தது. தாடி நரைத்திருந்தது அவனுக்கு.

"இஷ்பெல்! நீ இங்க என்ன பண்ற?"

"உன் இடத்துல நடக்கறேன்."

அவன் கோட்டிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்துக் கட்ரீனாவிடம் நீட்டினான். "நீ நனைஞ்சிருப்பேன்னு தெரியும்."

இதுதான் ஸ்ட்ரூவன். பெரியதெல்லாம் மறந்துபோகும், காலுறை நினைவிருக்கும். அதனால்தான் அவனை யாராலும் முழுதாக வெறுக்க முடிவதில்லை.

முடிவு, முதல் வடிவம்: அவள் காலுறையை ஏரியில் வீசுகிறாள். மிகுந்த சந்தோஷத்தோடு எழுதினேன்.

இரண்டாம் வடிவம்: இரண்டு பெண்களும் கைகோத்து நடக்க, படகு வெறுமையாக... கைதட்டல் வாங்கும். பொய்.

நடந்தது இது. கட்ரீனா காலுறையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "கழட்டுங்க" என்றாள். உட்கார்ந்து நனைந்த ஷூவைக் கழற்றினேன். காலுறையை என் மடியில் வைத்தாள். முதுகுப் பையை எடுத்துக்கொண்டு அவனோடு படகில் ஏறினாள்.

"இதுக்கு மேல பாதை ரொம்ப மோசமாம். பாத்துப் போங்க."

"கட்ரீனா, அவன்..."

அந்த வாக்கியத்தை முடிக்க இன்னும் எனக்குத் தெரியவில்லை.

5

அங்கிருந்து அன்றைய அறை இருந்த இன்வரார்னன் வரை நடை அல்ல, தவழல். கையும் முழங்காலும் வேர்களில். கால் மட்டும் கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

சாயங்காலம் விடுதியில் பரிமாறும் பெண் கேட்டாள்: "மேசை ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

படகு போன எதிர்க்கரையில் ரயில் உண்டு. கட்ரீனாவுக்கு மனம் மாறினால் ஆர்ட்லூய் நிலையத்தில் இறங்கி இங்கே நடந்து வந்துவிடலாம்.

"ரெண்டு பேருக்கு" என்றேன்.

சூப் ஆறியது. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன். கடைசியாகத் திறந்தபோது யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை முறை எழுதினாலும் கட்ரீனாவை என் மேசைக்கே இழுத்து வந்துவிடுகிறேன், வந்திருந்தாலும் வராவிட்டாலும். அவளிடம் எனக்கு வேண்டியது அதிகம். உங்களுக்கு அவளிடம் எதுவும் வேண்டியதில்லை.

அதனால் நீங்கள் திறங்கள் அந்தக் கதவை.