லாம்ப்ரேக் குழம்பில் போன ஒயின்

1.
இந்தக் கதை ஒரு புட்டியின் முதுகிலிருந்து வந்தது. பிரான்சில் பொர்தோ பக்கத்து ஒயின் தோட்டங்களுக்கு, புட்டியின் பின்பக்கம் ஒட்டும் லேபிளின் வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. "ஆட்டுத் தொடையோடு, வாத்தோடு, முற்றிய பாலாடைக்கட்டியோடு அருந்தலாம்." எல்லாச் சிவப்பு ஒயினுக்கும் இதே வரிதான். ஆட்டையும் வாத்தையும் இடம் மாற்றினால் வேறு தோட்டம். எதோடு சேராது என்று எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதை எழுத உட்கார்ந்தேன், மைலீஸ் என்றொரு பெண் கதைக்குள் வந்துவிட்டாள்.

2.
பனி விலகாத காலையில், ஆற்றின் மேல் ஒளி ஒரு...

(வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படித்தவன் செய்கிற வேலை இது.)

மறுபடியும்: திராட்சைத் தோட்டம் மைலீஸின் அண்ணன் ரெமியின் பெயரில் இருந்தது. வடக்குச் சரிவின் கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிவிடப் போவதாக அவன் சொன்னான். மைலீஸ் அந்தச் சரிவின் பழத்தை மட்டும் தனியாகப் பிழிந்து, ஒரே ஒரு கண்ணாடிக் குடுவை ஒயின் செய்தாள். அந்த வருடத்து ஒயின்களைக் கலந்து பார்க்கும் நாளில், வாங்குகிற வியாபாரி வருவார். இதையும் கலவையில் சேர்க்கலாம் என்று அவர் சொன்னால் கொடிகள் பிழைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை டிராக்டர்.

3.
வியாபாரி வரும் அந்த நாளில் மதியச் சாப்பாடு லாம்ப்ரே. விலாங்குபோல நீண்ட அந்த மீனை அதன் இரத்தத்தோடும் சிவப்பு ஒயினோடும் வேகவைப்பார்கள். அந்தக் குழம்பு ஒயினை ஊற்ற ஊற்றக் குடிக்கும். சமையல் ரெமியுடையது.

குடுவையை எடுக்கப் போன மைலீஸ், அது கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல இருந்தது எங்க?"

"சட்டியில."

"எல்லாமா?"

"லேபிள் ஒட்டி விக்கிறத ஊத்த எனக்கென்ன பைத்தியமா? பேரில்லாம கெடந்துச்சு, ஊத்துனேன்."

"நேத்து நீதானே மோந்து பாத்த!"

"பாத்தேன். குழம்புக்குத் தோதா இருந்துச்சு. மூஞ்சியத் தூக்காத, வியாபாரி முசியே வந்துட்டாரு."

4.
(ரெமி தெரிந்தே செய்தானா? அவனை அப்பாவியாக வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலும் குடுவை கழுவித்தான் இருந்தது. அந்தச் சமையலறையில் அவன் வேறெதையும் கழுவியதில்லை.)

5.
வியாபாரி லெஸ்தாபி கலவையைச் சுவைத்து, ருசிபார்ப்பவர் வழக்கப்படி துப்பி, உதட்டைப் பிதுக்கினார். பிறகு சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, ரொட்டியால் தட்டை வழித்தார்.

"கோவிச்சுக்காத ரெமி, உன் ஒயினு சுமார்தான். ஆனா இந்தக் குழம்பு! எதப்பா ஊத்துன?"

"அதே கலவைதான் முசியே."

"அதேவா? அப்ப என் நாக்குலதான் கோளாறு. சரி, உன் ஒயினு மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்."

ரெமி தங்கையைப் பார்க்கவில்லை.

6.
முடிவு ஒன்று: மைலீஸ் உண்மையைச் சொல்கிறாள். காட்ட ஒரு சொட்டு இல்லை. "தங்கச்சிக்குப் பொறாமைப்பா" என்று முசியே சிரிக்கிறார்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. திங்கட்கிழமை சரிவு வெறும் மண்.

முடிவு மூன்று: சட்டியைத் தூக்கி அவள் வாசலில்...

(முடியாது. அதற்குள் இருப்பது அவளுடைய ஒயின்.)

ரெமி அவள் தட்டில் ஒரு துண்டு வைக்கிறான். "சாப்பிடு, ஆறிடும்."

அவளை எதையும் விழுங்க வைக்க என்னால் ஆகாது. கரண்டியை இங்கே வைக்கிறேன். ஊட்டுவதானால் நீங்கள் ஊட்டுங்கள்.