தானாக விழுந்த டிக்

அது தவக்காலத்துக்கு முந்தியா பிந்தியா என்று சரியாக நினைவில்லை. பதிவான சொற்கள் நாலாயிரத்து முந்நூறு என்பதும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அந்த டிக் மட்டும் நிச்சயம்.

ரெஜிஸ் கே.கே. நகர் வீட்டு மாடியில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய செயலி அது. திரையில் ஒரு சொல் வரும். வாசித்துவிட்டு வாயை மூடினால், ஒலியை வெட்டிச் சேமித்துக்கொண்டு அடுத்த சொல்லைக் காட்டும். 'என் குரலை யாரும் எதற்கும், வணிகத்துக்கும், பயன்படுத்தலாம்' என்ற உரிமப் பக்கம்தான் முதலில் வர வேண்டும். அதைப் பார்த்ததும் ஆட்கள் தயங்கினார்கள். அலுத்துப்போய் பக்கத்தை ஒளித்து, சம்மதக் கட்டத்தில் டிக் தானாகவே விழும்படி செய்துவிட்டான். அதன்பின் வந்தவர்தான் ஸ்ரீரங்கத்துப் பிரேமலதா, பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பாளர். எல்லாச் சொற்களையும் அவரே வாசித்து முடித்தார்.

பதிவுகளை உச்சரிப்புக்காக இணைய அகராதியில் ஏற்றும் வேலை சம்ரீனுடையது. அவள் போனில் கேட்டாள்:

"பக்கம் திறந்த அதே நொடியில மேடம் சம்மதிச்சிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டே படிச்சாங்களா?"

ரெஜிஸ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லாட்டி ஒரு சொல்லும் ஏறாது."

அறிவிப்பு அறையில் பிரேமலதா டிபன் டப்பாவை மூடிவிட்டு, ரெஜிஸ் நீட்டிய சம்மதத் தாளை இரண்டு முறை படித்தார்.

"வணிகத்துக்கும்னா? எங்களை வேலைக்கு வச்சிருக்கிற கான்ட்ராக்டரும் எடுத்துக்கலாமா தம்பி?"

எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் தலையாட்டினான். வெளியே ஒரு பஸ் பின்வாங்கும் விசில் கேட்டு ஓய்ந்தது.

"முக்கொம்பு, உப்பிலியபுரம்னு நானூறு ஊர்ப் பேரு வாசிக்க வச்சீங்க. 'புறப்படும்', 'நிற்கும்' எல்லாம் இருக்கு. அதையெல்லாம் ஒட்டிப் போட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?"

"ஊர்ப் பேரை மட்டும் நீக்கிடறேங்க."

"அன்னைக்கே கேட்டிருந்தா நானே விட்டுட்டுப் படிச்சிருப்பேன். இப்ப உங்களை எப்படி நம்பறது? எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கணினி முன் உட்கார்ந்தான். அந்த அம்மாள் மேல் கோபம், முகம் தெரியாத கான்ட்ராக்டர் மேல் கோபம். சம்மத நேரத்தை நாலு நிமிஷம் தள்ளி எழுதி, முதலில் காட்டியது கணினிக் கோளாறு என்றால் போதும், சம்ரீன்கூட நம்பிவிடுவாள். அழைப்பு மணி இரண்டு முறை அடித்தது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் கோப்புகளை அழித்தான். அத்தனை சொற்களும் பதினோரு விநாடியில் போயின.

பிறகு, செயலியை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு ரெஜிஸ் வெளியிட்டான். குரலுக்கான உரிமப் பக்கம் இப்போது அதில் முதலில் வருகிறது. இதுவரை பத்தொன்பது பேர் இறக்கியிருக்கிறார்கள். சம்ரீன் வேறு மொழி அகராதிக்குப் போய்விட்டாள். பிரேமலதா இன்னும் காலை ஷிஃப்டில் அறிவிக்கிறார். ரெஜிஸ் அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை.