நாகஜோதி முழுங்கிய வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில். முன் சீட்டுக்காரர் போனில் ஒரு ராப் பாட்டு. ஆனால் ராப்புக்குரிய அதிரடி எதையும் காணோம். மாண்டலினும் கும்மி கைத்தட்டலும்தான். "நான்தான்டா மாஸு" என்று ஒரு பெண் சாவகாசமாகப் பாட, பத்துப் பதினோரு பேர் அதைத் திருப்பிப் பாடினார்கள். ஒருத்தன் அடித்த தம்பட்டத்தை ஊரே பங்குபோட்டுக்கொண்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: மல்லிகை மணக்கும் சேவுகம்பட்டியின் அந்திப் பொழுதில்—

(வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: சேவுகம்பட்டியில் பூ கட்டும் நாகஜோதிக்கு ஒரே ஆசை. சனிக்கிழமை கன்னிவாடித் திருவிழா மேடையில், பதினோரு தோழிகளோடு இந்த ராப் கும்மியைப் பாட வேண்டும். அவள் ஏறப்போகும் முதல் மேடை. பாட்டை எழுதி ராப்பாகப் பாடியவன் அவள் தம்பி முகேஷ்குமார். அவன் வேண்டாமென்றால் மேடை இல்லை. ஒத்திகை வீடியோவை அனுப்பி நாலு நாளாச்சு. பார்த்துவிட்டான், பதில் இல்லை.

3

முகேஷ்குமாருக்கு முதலில் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டேன்.*

ஒத்திகை நடுவே பைக்கில் வந்து இறங்கினான்.

"பாட்டக் கெடுத்துட்டக்கா."

நாகஜோதி தட்டிய கையை இறக்கினாள். "மெதுவாப் பாடுனது பிடிக்கலையாடா?"

"மெதுவாப் பாடு, கும்மி அடி, எனக்கென்ன? நாலாவது வரி எங்க?"

சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் ஸ்டான்லி மாண்டலினை நிறுத்தினான். "அது வேகமான வரி, கும்மிக்குள்ள அடங்காதுன்னு அக்காதான் சொன்னாங்க."

அந்த வரி இதுதான்: அக்கா கட்டுன மல்லிச் சரத்துல வந்துச்சுடா என் மைக்கு.

வேகமாவது ஒண்ணாவது. கும்மியில் ஒருத்தி எடுத்துக்கொடுப்பதை மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். தம்பியின் பெருமையை அம்புட்டையும் கூசாமல் பாடியவளுக்குத் தன் பெருமை வந்ததும் நாக்கு எழவில்லை.

"என் புகழ நானே எடுத்துக்குடுக்கவாடா?"

"அதுக்குத்தானக்கா பாட்டே எழுதுனேன். அது இல்லாட்டி மத்ததெல்லாம் வெறும் பீத்தல். அந்த வரி இல்லாம மேடையேறாத."

* கண்ணாடி போட்ட ராப் பாடகன் என்றால் நீங்கள் முடிவையே ஊகித்துவிடுவீர்கள்.

4

முடிவு ஒன்று: நாகஜோதி கதறி அழுதபடி—

(அடித்துவிட்டேன். அவள் அப்படி அழுகிற ஆளில்லை.)

முடிவு இரண்டு: சனிக்கிழமை, கன்னிவாடியே அதிரும்படி கைதட்டல்—

(சீச்சீ.)

அதே ஒத்திகை வட்டம். நாகஜோதி மூன்று வரி எடுத்துக்கொடுத்தாள். நாலாவதில் நின்றுவிட்டாள். முகேஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் வந்தான். வேகத்தைக் குறைத்து, கை தட்டி, அந்த வரியை அவனே எடுத்துக்கொடுத்தான். பதினோரு பேரும் திருப்பிப் பாடினார்கள். கும்மிக்குள் அது சுகமாக அடங்கியது. நாகஜோதி மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவன் விடவில்லை. மறுபடி எடுத்தான். மறுபடி பதினோரு குரல்தான்.

"அக்கா வாய் திறக்குற வரைக்கும் இதே வரிதான்," என்றான்.

அவளைப் பாட வைக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுத மாட்டேன். ஊர் சொல்லித்தான் அவள் கூச்சம் போக வேண்டும், நான் சொல்லி அல்ல. இவ்வளவு தூரம் வந்த நீங்கள் அங்கே சும்மா நிற்காதீர்கள். மூன்றாம் தடவை அவன் கையைத் தூக்கிவிட்டான். வரி உங்களுக்குத் தெரியும். சத்தமாகப் பாடுங்கள், அவள் சேர்ந்துகொள்வாள்.