தாஷ்கண்டில் செக்கிங் கிடையாது

சங்கு ஊதி முடித்த பிறகும் பெண்கள் வரிசை கேட்டைத் தாண்டவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் மற்ற கம்பெனிகளில் வேலை முடித்தவர்கள் சைக்கிளிலும் நடையிலுமாகத் தெருவை நிறைத்துக்கொண்டு போனார்கள். இந்த ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் மட்டும் தினமும் இப்படித்தான். தட்டி மறைப்பு ஓரமாகப் பஞ்சவர்ணம் நிற்பாள். ஒவ்வொருத்தியும் டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும், பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பஞ்சவர்ணம் அக்குளிலிருந்து இடுப்பு வரை தடவுவாள். முந்தானையை உதறுவாள். கொண்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "போ" என்பாள்.

"சீக்கிரம் தடவுக்கா, கொரட்டூர் வண்டி பூடும்" என்றாள் ஹில்டா.

"போனா போவட்டும். அடுத்த வண்டி இல்ல? இன்னமோ உனுக்குத்தான் கைகாட்டி எறக்கறா மாரி பேசற."

வரிசையில் சிரித்தார்கள். ஹில்டா சிரிக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு, ஆபீஸ் வாசலைப் பார்த்தபடி நின்றாள். சூப்பர்வைசர்கள் அந்த வழியாகப் போவார்கள். அவர்களை யாரும் தொடுவதில்லை.

முந்தின வருடம் கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரத்தில் பஞ்சவர்ணத்தின் கை ஹில்டாவின் அடிவயிற்றில் நின்றுவிட்டது. உள்ளே தடிப்பாக மடித்த துணி.

"இன்னாடி இது?"

"மாசத் துணிக்கா."

"கட்டிங் துணி காணோம்னு மேல கத்திகினு கீறாங்க. எடுத்துக் காட்டிடு."

தட்டிக்குப் பின்னால் போய் எடுத்துக் காட்டினாள். பழைய பாவாடைத் துணி. பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு "போ" என்றாள். வரிசை முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று ரயிலில் ஏறியதிலிருந்து கொரட்டூரில் இறங்குகிற வரை பக்கத்து மெஷின் பூங்காவனம் ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பூங்காவனத்துக்குக் குத்தம்பாக்கம். ரயிலில் போக வேண்டியவளே இல்லை.

இருவரையும் புரொடக்‌ஷன் மேனேஜர் வீரராகவன் கூப்பிட்டு அனுப்பியது தொண்ணூற்றைந்தாம் வருடம், மழைக்காலம் தொடங்குகிற சமயம். தாஷ்கண்டில் கம்பெனி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து புது யூனிட் போடுகிறது. இங்கிருந்து மெஷின்கள் போய்விட்டன. அங்கே பெண்களுக்குப் பேன்ட் லைன் பழக்கிக் கொடுக்க ஆள் வேண்டும்.

"பனிக்காலம் முடியறவரைக்கும் இருக்கணும். லைன் நல்லா ஓடிச்சுன்னா, திரும்பி வந்ததும் ஹில்டா நீ சூப்பர்வைசர். பூங்காவனம் அசிஸ்டென்ட். சந்தோஷமா?"

"ஆபீஸ் வாசல் வழியாப் போலாமா சார்?" என்றாள் ஹில்டா.

வீரராகவன் சிரித்தார். "எந்த வாசல்ல வேணாலும் போம்மா."

ஹில்டாவின் அப்பா ஆரோக்கியசாமி அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களை ஒருவர் விடாமல் நிறுத்திச் சொன்னார். "எம் பொண்ணு ரஷ்யா போவுது."

"ரஷ்யா இல்லப்பா. இப்ப தனி நாடாம்."

"இருந்தா இன்னா? பிளேன்லதான போற?"

*

தாஷ்கண்ட் விமான நிலையத்திலிருந்து வந்த வண்டி வீரராகவனைக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஓட்டலில் இறக்கிவிட்டது. பிறகு டிராம் தண்டவாளத்தை ஒட்டியே வெகுதூரம் போய், கான்கிரீட் பெட்டிபோல் நின்ற ஒரு கட்டடத்தின் முன் நின்றது. லிஃப்ட் கதவில் சங்கிலி போட்டிருந்தது. கீழே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெட்டிகளை மூன்றாவது மாடிக்கு அவர்களே தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இருவரும் போட்டிருந்தது கம்பெனி ஜெர்கின். தையல் கோணிப்போனதென்று ஒதுக்கி வைத்ததில் எடுத்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார்கள், போட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பலகையில் வரிசையாகச் சாவிகள். பூப்போட்ட தலைத்துணியும் தங்கப் பல்லுமாகப் பருமனான ஒரு அம்மாள் எழுந்து நின்று அவர்களைத் தடுத்தாள்.

ஹில்டா பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். கைப்பையைக் கவிழ்த்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பூங்காவனமும் கையைத் தூக்கினாள்.

அந்த அம்மாள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அதில் இருந்த இட்லிப்பொடி டப்பாவைப் பார்த்தாள். தூக்கிய நான்கு கைகளைப் பார்த்தாள். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து ஹில்டாவை அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு பூங்காவனத்தை. இரண்டு கன்னத்திலும் முத்தம் வேறு.

"யக்கா, இன்னாக்கா இது, இந்த ஊரு செக்கிங் இப்பிடிக் கீது?"

"செக்கிங் இல்லடி. சாவி குடுக்கத்தான் நின்னுகினு கீது போல."

அந்த அம்மாள் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தாள். பேரிக்காய் அளவு மரக்கட்டை கோத்த சாவி. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. வெளியே போகும்போது மேஜையில் கொடுக்க வேண்டும், வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் வேலை அதுதான். பெயர் மவ்லுதா என்று நெஞ்சில் தட்டிச் சொன்னாள். ஓபா என்று கூப்பிடச் சொன்னாள். அக்கா என்று அர்த்தமாம்.

அறையில் இரண்டு இரும்புக் கட்டில். குழாயில் கொஞ்ச நேரம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது. ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பஞ்சை அடைத்திருந்தார்கள். அதன் கீழே வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்கள். பூங்காவனம் துவைத்த ஜாக்கெட்டை அதன்மேல் போட்டுவிட்டு, அது காய்வதை வேடிக்கை பார்த்தாள். ஹில்டா கதவை உள்ளிருந்து பூட்டினாள். திறந்தாள். மறுபடி பூட்டினாள். கொரட்டூரில் ஒரே அறை. அவள் புடவை மாற்றுகிற மூலைக்குத் திரைதான்.

"இன்னாக்கா, பூட்டு கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் கீது" என்றாள் ஹில்டா. இன்னொரு தடவை பூட்டினாள்.

பழக்கம் சுலபத்தில் போகவில்லை. மறுநாள் சாயங்காலமும் மேஜை முன்னால் ஹில்டாவின் கை தானாக உயர்ந்தது. மவ்லுதா ஓபா மறுபடி கட்டிக்கொண்டாள். இந்தியாவில் வீடு திரும்புகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அதன் பிறகு அவர்கள் படியேறும் சத்தம் கேட்டதுமே எழுந்து நின்று, அவளே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். கட்டிக்கொண்டு முடித்ததும் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும் ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பாள். ஏதோ ஒரு இந்திப் பாட்டைப் பாடிவிட்டு, அடுத்த வரியை நீ பாடு என்பதுபோல் ஹில்டாவைப் பார்ப்பாள்.

"எங்களுக்கு இந்தி வராது ஓபா."

"இந்தியா?" என்று சந்தேகமாகக் கேட்பாள்.

"இந்தியாதான். ஆனா வராது" என்று பூங்காவனம் கை விரிப்பாள். ஓபா அவளை நம்பாமல் பார்த்துவிட்டு, மீதிப் பாட்டையும் தானே பாடி முடிப்பாள்.

யூனிட்டில் இருந்த பெண்களுக்கு வீட்டுத் தையல் தெரியும். லைன் தெரியாது. ஒருத்தியே ஒரு பேன்ட்டை முழுசாகத் தைத்து முடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். நீ பாக்கெட் மட்டும், நீ ஜிப் மட்டும், நீ இடுப்புப் பட்டி மட்டும் என்று ஹில்டா கையைக் காட்டிக் காட்டிப் பிரித்தாள். பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த நர்கிஸ் என்ற பெண்தான் மற்றவர்களுக்குச் சொன்னாள். ஆரம்பத்தில் ஜிப்புகள் ஒடிந்துகொண்டே இருந்தன, குப்பைக் கூடை நிறைந்தது. பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் ஒரு மத்தியானம் முதல் மெஷினில் நுழைந்த துணி எங்கும் தேங்காமல் கைமாறிக் கைமாறிக் கடைசி மேஜையில் பேன்ட்டாக வந்து விழுந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது. பெண்கள் மெஷினை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்கள். ஹில்டா லைனின் கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, அப்பிடியே நம்ம மேனேஜர் சார் மாரியே நிக்கிற."

"அவரு குந்திகினு இல்ல இருப்பாரு?"

வேலை முடிந்ததும் அந்தப் பெண்கள் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, வாசலைத் திறந்து வெளியே போனார்கள். அவ்வளவுதான். ஒரு பையும் திறக்கப்படவில்லை. முதல் சில நாட்கள் ஹில்டாவும் பூங்காவனமும் அந்த வாசலைத் தாண்டும்போது தயங்கித் தயங்கித்தான் தாண்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்கிஸ் உலர்ந்த திராட்சை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்கு வந்தாள். மாடிப்படியில் நடந்த கட்டிப்பிடித்தலைப் பார்த்துவிட்டு, எதற்காகக் கையைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டாள். ஹில்டா தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். தட்டி, பஞ்சவர்ணம், கொண்டையில் விரல். மாசத் துணியையும் சொன்னாள். பூங்காவனத்தைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைப் பேசியதில்லை.

"நீங்க திருடுவீங்களா?" என்று நர்கிஸ் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

நர்கிஸ் எல்லாவற்றையும் அவர்கள் பாஷையில் ஓபாவிடம் சொன்னாள். ஓபாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எழுந்து, தேநீர்க் கிண்ணத்தை ஹில்டாவின் கையில் வைத்து, கிண்ணத்தோடு சேர்த்து அவள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். அன்று பாட்டுப் பாடவில்லை.

மறுநாள் சாயங்காலம் படியேறி வந்தபோது ஹில்டாவின் கை உயரவில்லை. ஓபாவும் கையைத் தூக்கவில்லை. ஹில்டாவே போய்க் கட்டிக்கொண்டாள்.

*

ஊர் திரும்ப இன்னும் சில நாட்களே இருந்தபோது, யூனிட் வாசலருகே வீரராகவன் ஒரு நீலத் திரையைக் கட்டச் செய்தார். ஹில்டாவையும் பூங்காவனத்தையும் அங்கே கூப்பிட்டார்.

"ஜிப் ஸ்டாக் கணக்குல இடிக்குது. நம்ம சிஸ்டத்தை இங்கயும் கொண்டுவந்துடலாம்னு பார்க்கறேன். இன்னிக்கு சாயங்காலம் நீ செக் பண்ணு ஹில்டா."

"ஜிப்பெல்லாம் பழகறப்ப ஒடிச்சதுங்க சார். அத்தினியும் குப்பையிலதான் போச்சு."

"அது இருக்கட்டும். நீதான இனிமே சூப்பர்வைசர்? இதெல்லாம் அந்த வேலையில ஒரு பங்கு."

மெஷின்கள் நின்றிருந்தன. நர்கிஸ் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள்.

"என்னால ஆவாது சார்" என்றாள் ஹில்டா.

"என்ன ஆவாது?"

"அதுங்க மேல கை வைக்க என்னால ஆவாது."

"உன் மேல வைக்கலியா? நீ என்ன தேஞ்சா போயிட்ட?"

"ஆமா சார். தேஞ்சுதான் போய்க்கீறேன்."

வீரராகவன் பூங்காவனத்தைப் பார்த்தார். "நீ பண்றியா? சூப்பர்வைசர் உனக்கு."

பூங்காவனம் ஜெர்கின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். "எனுக்கு அக்குள்னா கூச்சம் சார். ஊரார் அக்குள்னா இன்னும் கூச்சம்."

"ஹில்டா, யோசிச்சுச் சொல்லு. ஊருக்குப் போனப்புறம் வந்து அழுவாத."

"யோசிச்சிட்டேன் சார்."

நர்கிஸ் பக்கத்தில் வந்துவிட்டாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள், இது எதற்கு என்று கண்ணால் கேட்டாள். ஹில்டா அவள் கழற்றி வைத்திருந்த வேலை அங்கியை வாங்கித் திரைக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். பின்னால் வந்தவர்களும் அவரவர் அங்கியைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கிளம்புகிற நாள் வரை அந்தத் திரைக்குப் பின்னால் அங்கிகள்தான் தொங்கின.

ஓட்டலைக் காலி செய்கிற காலையில் சாவியை ஹில்டா மேஜைமேல் வைத்தாள். மவ்லுதா ஓபா அந்த மரக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே, யாரும் கேட்காமலே, அந்த இந்திப் பாட்டைத் தொடங்கினாள். கூடவே ஹில்டா வாய்க்கு வந்தபடி ஒரு வரி பாடினாள். எல்லாமே தப்பு. ஓபா கைதட்டினாள்.

*

அம்பத்தூரில் பேன்ட் லைனுக்குப் புது சூப்பர்வைசர் வந்திருந்தாள். வேறு கம்பெனியிலிருந்து எடுத்த ஆள். ஹில்டாவுக்குப் பழைய ஜிப் மெஷினே கிடைத்தது. யாரும் எதையும் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சங்கு ஊதியது. வரிசை தட்டியை நோக்கி நகர்ந்தது. முதல் ஆளாக நின்ற ஹில்டா டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். பையைக் கவிழ்த்துக் காட்டினாள். நின்றாள்.

"கையத் தூக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

ஹில்டா அப்படியே நின்றாள்.

"இன்னாடி, ஃபாரின் போய்ட்டு வந்தா கை ஒசராதா? தூக்குடி, பின்னாடி எத்தினி பேரு கீறாங்க பாரு."

"பாக்ஸ் பாத்த, பை பாத்த. அம்மாந்தான்க்கா. ஒடம்புல கை வைக்காத."

"டேய் யப்பா! அந்தக் காலத்து மகாராணி!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "யக்கா, வண்டி பூடும்க்கா" என்றாள் இன்னொருத்தி. பஞ்சவர்ணம் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு நடந்தத நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? நான் இன்னாடி பண்ணட்டும்? பாக்காம உட்டா எனுக்கு வேல பூடும்."

"தெரியும்க்கா. நீ 'பாக்க உடல'ன்னு எம் பேர எழுதிக் குடு."

"உன் வேல பூடும்."

"எழுதிக் குடு."

ஹில்டா நகரவில்லை. அவளுக்குப் பின்னால் பூங்காவனம் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டி, பையைக் கவிழ்த்து, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற காஜா மெஷின் கன்னியம்மாள், ரயிலுக்கு அவசரப்பட்டவள், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ முணுமுணுத்தாள். பிறகு பாதி தூக்கிய கையை இறக்கி, முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். கொரட்டூர் வண்டி போகிற சத்தம் கேட்டது.

ஆபீஸ் பக்கம் கார் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் துலுக்கானம் ஓடிப்போய்ப் பெரிய கேட்டை இரண்டாகத் திறந்தான். வீரராகவனின் கார் வந்தது. பின்சீட்டில் கண்ணாடியை மறைக்கும் உயரத்துக்குக் கம்பெனி அட்டைப்பெட்டிகள். டிக்கியும் மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. துலுக்கானம் உள்ளே குனிந்து பார்க்கவில்லை. விறைத்து நின்று சல்யூட் வைத்தான்.

அந்தச் சாயங்காலம் கேட்டில் உயர்ந்த கை அது ஒன்றுதான்.