ஜட்ஜைக் காணவில்லை

அந்த மூன்றாம் மாடி வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சே இல்லை என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். பேச்சு தாராளமாகவே இருந்தது. என்ன, எல்லாம் பூனை வழியாகப் போய், பூனை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஜட்ஜு, பால் தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அவள்.

"ஜட்ஜு, பால் காலையிலயே வாங்கி ஃப்ரிட்ஜுல வச்சாச்சு. கண்ணைத் தொறந்து பாக்கச் சொல்லு உங்கம்மாவ" என்பார் அவர், பென்சிலைச் சீவிக்கொண்டே.

இதற்கென்று ஒரு முறை இருந்தது. பேசுகிறவர் பூனையைத்தான் பார்க்க வேண்டும். கேட்கிறவர் காதிலேயே விழாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பூனை கொட்டாவி விட்டால் வழக்கு வாய்தா. சாம்பல் நிற உடம்பில் முதுகு மட்டும் கறுப்பு, அங்கி மாட்டியது போல. இரண்டு தரப்பையும் அரைக்கண் மூடிக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடும். அவளோ கோர்ட்டில் டைப்பிஸ்ட். கூண்டில் ஏறி நின்று ஊர்ப்பட்டவர் சொல்லும் பொய்யையும் மெய்யையும் ஒரு கமா விடாமல் தட்டுகிறவள். அவளுக்குப் பூனைக்கு வைக்க வேறு என்ன பெயர் தோன்றும்?

அவர் ஓவியர். குழந்தைகளின் எழுத்து அட்டைகளுக்குப் படம் போடுகிறவர். ஆடு என்றால் ஆடு, இலை என்றால் இலை, நிமிஷத்தில் அட்டையில் வந்து நிற்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் மட்டும் பூட்டு விழுந்துவிடும்.

வினை அந்தப் பூட்டால்தான் வந்தது. பதவி உயர்வோடு அவளுக்கு மாற்றல் வந்திருந்தது. வேறு ஊர், பெரிய கோர்ட், தலைமை டைப்பிஸ்ட் நாற்காலி. எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டது. சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கொட்டினாள். அவர் யானையின் தும்பிக்கைக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உன் இஷ்டம்" என்றார்.

இஷ்டமாம் இஷ்டம்! இத்தனை காலம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு 'ஐயோ' கிடையாதா? 'நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்' என்று ஒப்புக்காவது ஒரு பேச்சு வேண்டாமா? குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால்கூட வீட்டுக்காரன் வாசலுக்கு வந்து நாலு வார்த்தை பேசுவானே! அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அன்றோடு அவரிடம் நேர்ப்பேச்சை நிறுத்தினாள். அவரும் சளைக்கவில்லை. வழக்கு ஜட்ஜிடம் போனது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜட்ஜைக் காணோம். அடுப்படி ஜன்னல் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் தேடலாம் என்று அவள் ஒரு பக்கம் மண்டியிட்டுக் குனிந்தால், எதிர்ப்பக்கம் அவரும் அதே நேரத்தில் குனிந்திருக்கிறார். நாலு கண்ணும் கட்டிலுக்கு அடியில் சந்தித்துக்கொண்டன. ஐயய்யோ என்று இருவரும் நிமிர்ந்ததில் அவருக்கு நெற்றியில் நல்ல இடி. வலிக்கிறதா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. யாரிடம் சொல்லிக் கேட்கச் சொல்வது?

அதன்பிறகு வீடு நிஜமாகவே ஊமையாகிவிட்டது. 'பாத்ரூம் குழாய் ஒழுகுது' என்று சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். சுவருக்கும் காது உண்டு என்பதெல்லாம் சரிதான், ஆனால் அது வாலை ஆட்டுமா? அவர் மின்விசிறியைப் பார்த்து ஏதோ முனகினார். அது அவளுக்கா விசிறிக்கா என்று விளங்கவில்லை. குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தாள். ஜட்ஜின் படம். மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனி, வலது காதில் எப்போதோ சண்டையில் கிழிந்த ஓட்டை, அரைக்கண் பார்வை, எதுவும் தப்பவில்லை. கீழே பாதித் தாள் வெற்றாக இருந்தது. 'படம் என் வேலை, எழுத்து உன் வேலை' என்று அர்த்தம். அவளுக்குப் பூனைமேல் பொறாமையே வந்துவிட்டது. ஒரு பூனைக்கு இத்தனை கவனமா? என் முகத்தை இப்படி ஒரு தடவை உத்துப் பார்த்திருப்பாரா இந்த மனுஷர்?

அந்த வேகத்திலேயே தாளை டைப்ரைட்டரில் சொருகித் தட்டினாள்.

'காணவில்லை. பெயர்: ஜட்ஜ். அடையாளங்கள்: ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அசையாது. கூப்பிட்டால் காது திரும்பும், முகம் திரும்பாது. போட்டதைத் தின்னும், நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லாது. நாம் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று இருக்கும்.'

அவர் படித்தார். தாளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் லிஃப்டில் ஒன்று, வாசல் கேட்டில் ஒன்று, மளிகைக் கடையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று என்று ஒட்டிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவளை கேட்டில் வாட்ச்மேன் மறித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"டைப்பிஸ்ட் அம்மா, பூனைய எப்படியும் புடிச்சிரலாம், கவலப்படாதீங்க. சார் எப்போலேர்ந்து காணோம்?"

"சாரா? சார் வீட்லதான் இருக்காரு."

"அப்படியா! போஸ்டரப் படிச்சா அப்படித் தெரியலியே!"

அவள் திரும்பி கேட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். தான் தட்டியதற்குக் கீழே தூரிகை எழுத்தில் அவர் வரிகள். 'மேலும் அடையாளம்: ரோஷம் அதிகம். போக நினைத்தால் போய்விடும். யாரும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது.'

கூடாதாமே! ஊருக்கு நடுவில் எழுதி ஒட்டியும் ஆயிற்று. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே எழுதினாள்: 'தடுத்துப் பார்த்தது உண்டா?'

சாயங்காலம் மளிகைக் கடைப் போஸ்டரில் பதில் வந்திருந்தது: 'தடுத்தால் பிராண்டும்.' அதைப் படித்த கையோடு அவள் பஸ் நிறுத்தத்துக்கே திரும்பிப் போய் எழுதினாள்: 'பிராண்டினால் உயிரா போய்விடும்?'

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பஸ் வந்தும் ஏறாமல் நாலு பேர் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 'அம்மா சொல்வது நியாயம்' என்று யாரோ பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'ஐயா பாவம்.' பூனையைத் தேடியவர் மட்டும் ஒருத்தரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. மேல் வீட்டு அக்கா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தையைப் போல ஜட்ஜ்.

"தப்பா நெனைக்காதம்மா. செவ்வாக்கெழம ஜன்னல் வழியா இதுவா வந்துச்சு. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தகராறு, மூஞ்சி குடுத்துப் பேசிக்கிறதில்ல. இது வந்து நடுவுல உக்காந்துச்சு பாரு, இதுகிட்ட ஒண்ணு சொன்னா அவருக்குப் போய்ச் சேந்துருது!" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "போஸ்டரப் பாத்துட்டுத்தான் மனசு கேக்காம எடுத்தாந்தேன். இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கட்டுமா? அவரு பாதி எறங்கி வந்துட்டாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஓவியர் மேஜையை விட்டு எழுந்து வந்திருந்தார். கண் பூனைமேல். 'ஜட்ஜு' என்று உதடு குவிந்தேவிட்டது. பூனை உள்ளே வந்தால் பாலைப் பற்றிப் பேச்சு நடக்கும், குழாயைப் பற்றி நடக்கும், வெள்ளிக்கிழமையும் ஓடிப்போகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எடுத்துட்டுப் போங்கக்கா. தீர்ப்பு வர்ற வரைக்கும் வச்சுக்கோங்க" என்று கதவைச் சாத்தினாள்.

அவர் சுவரைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார்.

"என்னைப் பாருங்க" என்றாள். "இன்னிக்குக் கடைசி நாள். நான் போகட்டுமா, வேணாமா?"

"உன்..."

"இஷ்டம்னு மட்டும் சொன்னீங்க, பூனையோட சேத்து உங்களையும் மேல அனுப்பிருவேன்!"

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நெற்றியில் கட்டில் இடித்த வீக்கம் இன்னும் வடியவில்லை.

"போகாதன்னு நான் சொல்லி நீ நின்னுட்டா? எத்தன வருஷத்து ஆசை உனக்கு. ஆயுசுக்கும் நான்தான் கெடுத்தேன்னு எனக்கு உறுத்தாதா? அதான் வாயக் கட்டிக்கிட்டேன்." மேஜைப் பக்கம் கையைக் காட்டி, "அன்னிக்கு அந்த யானைக்குத் தும்பிக்கை ரெண்டாப் போச்சு. கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி வரைஞ்சேன். உனக்குத் தெரியுமா அது?" என்றார்.

அவளுக்குத் தெரியாது. கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"அட என் மனுஷா! போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே நான் நிம்மதியா சம்மதம் சொல்லியிருப்பேனே!"

"எதுக்குச் சம்மதம்?"

"போறதுக்குத்தான்."

"போகாதன்னு சொன்னா போவியா?"

"ஆமா."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி எப்படிப் போறது? நான் இல்லன்னா தேட ஆளில்லாத வீட்டுலேர்ந்து எப்படிக் கால எடுத்து வெளிய வைக்கிறது?"

எந்தச் சொல்லுக்கும் படம் போட்டுவிடுகிற மனிதர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். கூண்டில் ஏறிய சாட்சி மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். முறைக்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்திருப்பார், ஆனால் குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"போகாத" என்றார்.

"போறேன்" என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவர் நெற்றி வீக்கத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள், கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கேட்டில் போஸ்டர் இன்னும் இருந்தது. பேனாவை எடுத்து 'காணவில்லை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'கிடைத்துவிட்டது' என்று எழுதினாள்.

வாட்ச்மேன் ஓடி வந்தான். "பூனை கெடச்சிருச்சாம்மா?"

"பூனை இன்னும் மேல் வீட்லதான்ப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.